நரி அட்டை தொலைந்த கதைப்பெட்டி

காரைக்குடிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றும் இரண்டும் சேர்ந்த வகுப்பு என்னுடையது. மொத்தம் 23 பிள்ளைகள். தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து வகுப்பில் கதைக்கு என்று ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறோம். அந்த மூலைக்காகப் போன ஜூனில் என் கைக்காசு 780 ரூபாய் போட்டு ஒரு கதை அட்டைப் பெட்டி வரவழைத்தேன். எந்த நிறுவனம் போட்டது என்று இங்கே நான் எழுதவில்லை. இதே மாதிரி பெட்டிகள் கடையில் இன்னும் இரண்டு மூன்று பார்த்தேன், எல்லாம் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கின்றன.

உள்ளே 6 கதைகள், கதைக்கு 6 படம் என்று 36 அட்டைகள், 4 காலி அட்டைகள், 5 விரல் பொம்மைகள், ஆசிரியருக்கு ஒரு கையேடு. அட்டைகளை மாற்றிப் போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் வரிசையாக அடுக்கி, கேட்ட கதையைத் தங்கள் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். படங்கள் அருமை. முதல் அட்டையில் இருக்கும் பாட்டியின் சேலை ஆறாவது அட்டையிலும் அதே அரக்குதான். இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்காதீர்கள். முன்பு என்னிடம் இருந்த ஒரு படச் சார்ட்டில் படத்துக்குப் படம் பையனின் சட்டை நிறம் மாறும். என் பிள்ளைகள் கதையில் நாலு பையன்கள் இருப்பதாகவே நினைத்திருந்தார்கள்.

குறை எங்கே என்றால், ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் 1, 2, 3 என்று எண் அச்சடித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு எண் தெரியும். இரண்டு நிமிடத்தில் அடுக்கிவிட்டு, “முடிச்சிட்டோம் டீச்சர்” என்று கை தூக்குவார்கள். சரி, கதையைச் சொல்லுங்கள் என்றால், “இது பாட்டி. இது வடை. இது காக்கா. இது நரி.” கடைக்காரர் சரக்கைக் கணக்குப் பார்க்கிற மாதிரிதான் இருக்கும். எண்களின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினேன். அடுக்குவது கொஞ்சம் கஷ்டமானது, சொல்வது மாறவில்லை. படம் கண் முன்னால் இருக்கும்போது கதையை எதற்குச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் நியாயம்.

ஆகஸ்டில் நரி அட்டை தொலைந்தது. பெஞ்சுக்கு அடியில், குப்பைக் கூடையில், பக்கத்து வகுப்பில், எங்கே தேடியும் கிடைக்கவில்லை. மற்ற ஐந்தை வைத்து ஒப்பேற்றலாம் என்று இரண்டாம் வகுப்புப் பாப்பா ஒருத்தியைக் கூப்பிட்டேன். காக்கா மரத்தில் உட்காரும் வரைக்கும் வழக்கம்போல “இது, இது” என்று விரல் வைத்துக்கொண்டே வந்தாள். காலி இடத்துக்கு வந்ததும் விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அப்பறம் ஒரு நரி வந்துச்சு டீச்சர். அதுக்கு வடை மேல ஆசை. ஆனா காக்கா ஒசரத்துல இருந்துச்சுல்ல, அதனால பாட்டுப் பாடச் சொல்லி ஏமாத்துச்சு.”

இரண்டு மாதமாக நான் ‘ஆனா’வுக்கும் ‘அதனால’வுக்கும்தான் காத்திருந்தேன். அவை அட்டைகளில் இல்லை, அட்டைக்கும் அட்டைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் இருக்கின்றன. அன்றிலிருந்து அட்டைகளை நானே ஒளித்து வைக்கிறேன். முதல் வாரம் ஒன்று, பிறகு இரண்டு, கடைசியில் முதல் படமும் முடிவும் மட்டும். கையேட்டில் இப்படி ஒரு வரிகூட இல்லை.

கையேட்டில் ஒரு நல்ல யோசனை உண்டு. யார், எங்கே, என்ன சிக்கல், என்ன செய்தார்கள், எப்படி முடிந்தது என்று ஐந்து விரலுக்கு ஐந்து கேள்வி. கை எப்போதும் கூடவே இருக்கிறதே, தொலைவதற்கு வழியில்லை. ஆனால் அதே கையேடு, பிள்ளை தவறாகப் பேசினால் உடனே திருத்தச் சொல்கிறது. எங்கள் பக்கம் பாட்டியை யாரும் ‘சுட்டாள்’ என்று சொல்ல மாட்டார்கள். “பாட்டி வடை சுட்டாக” என்றுதான் வரும், அதில் மரியாதை இருக்கிறது. கதை ஓடும்போது அதை நிறுத்தித் திருத்தினால் பாட்டியோடு கதையும் நின்றுவிடும். எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம். 1985-இல் அமெரிக்காவில் லெஸ்லி மாரோ என்பவர் மழலையர் வகுப்பில் செய்த ஆய்வைப் பற்றி எப்போதோ படித்திருக்கிறேன். கதையை அடிக்கடி திருப்பிச் சொல்லவைத்து, கொஞ்சம் வழியும் காட்டினால், புரிதலும் பேச்சும் கூடுகின்றன என்று அதில் கண்டார்கள். வழி காட்டுவது என்றால் குறுக்கே விழுவது இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பெட்டியிலேயே விலைக்குத் தகுந்தவை எவை என்று கேட்டால் காலி அட்டைகளைத்தான் சொல்வேன். என் வகுப்பில் ஒரு தம்பி இருக்கிறான். எந்தக் கதையிலும் மூன்றாவது அட்டையைத் தாண்ட மாட்டான். அவன் அப்பாவுக்கு ஆத்தங்குடியில், தரையில் பதிக்கிற பூப்போட்ட கல் செய்யும் பட்டறையில் வேலை. “அப்பா கல்லு எப்படிப் போடுவாக?” என்று கேட்டுக் காலி அட்டைகளைக் கொடுத்தேன். வரைந்தது என்னவோ நாலு கட்டம்தான். சொன்னது இது:

“மொதல்ல கண்ணாடியத் தொடைப்பாக. தூசி இருந்தா பூ கெட்டுப்போயிரும். அப்பறம் சட்டம் வச்சு, அச்சு வச்சு, சாயத்த ஊத்துவாக. அச்ச எடுத்துட்டு மேல மணலும் சிமெண்டும் போடுவாக. காஞ்சதும் தண்ணித் தொட்டியில கெடக்கும். கண்ணாடிய எடுத்தாத்தான் பூ தெரியும். அதுவரைக்கும் அது அடியில இருக்கும், யாருக்கும் தெரியாது.”

யார், எங்கே, சிக்கல், முடிவு, எல்லாம் வந்துவிட்டது. தூசி என்கிற வில்லன்கூட இருக்கிறான். இவனுக்கு வரிசையாகச் சொல்ல வராது என்று மதிப்பீட்டுத் தாளில் எழுதியவள் நான்தான்.

விரல் பொம்மைகளுக்கு அதிகம் எழுத ஒன்றுமில்லை. பெரியவர்கள் விரலுக்குத் தைத்திருக்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளையின் விரலில் போட்டால் சிங்கம் தலைகுப்புறக் கழன்று விழுகிறது. வகுப்பு சிரிக்கும், கதை போய்விடும். உள்ளே பஞ்சு வைத்துப் பார்த்தேன், மதியத்துக்குள் பஞ்சைப் பிய்த்துவிட்டார்கள்.

இன்னொரு சிக்கல் பெட்டியுடையது இல்லை, என்னுடையது. கதையைச் சொல்லிக் கொடுத்தவளே நான், என்னிடமே திருப்பிச் சொல் என்றால் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? டீச்சருக்குத்தான் தெரியுமே என்று பாதியை முழுங்கிவிடுகிறார்கள். அதனால் இப்போது இரண்டு இரண்டு பேராகச் சமையல்கூடத்துக்கு அனுப்புகிறேன். சத்துணவு அக்காவுக்கு இந்தக் கதைகள் தெரியாது. தெரிந்தாலும் காட்டிக்கொள்ள மாட்டார். வெங்காயம் உரித்துக்கொண்டே “ம்”, “அப்பறம்?”, “ஏன், அது எதுக்கு அங்க போச்சு?” என்று கேட்பார். அவர் கேட்கிற அந்த ‘ஏன்’ பெட்டியின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

தரம் சுமார். மூன்றாம் மாதமே மூலைகளில் லேமினேஷன் பிரிந்துவிட்டது. பெட்டியின் மூடி செப்டம்பரைத் தாண்டவில்லை. வீட்டில் சும்மா கிடந்த ஒரு பனையோலைக் கொட்டானில் அட்டைகளைப் போட்டு வைத்திருக்கிறேன். பெட்டியைவிட அது உறுதி.

ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். வகுப்பில் ஏற்கெனவே கதைப் புத்தகங்கள் இருந்தால், பழைய காலண்டர் அட்டையில் நீங்களே வரைந்துகொள்ளலாம், 780 ரூபாய் மிச்சம். வரைய வராது என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். வந்த அன்றே எண்களின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

நரி அட்டை பிறகு கிடைத்தது, பீரோவுக்குப் பின்னால். பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை.