வெளி எண்ட்பாயின்ட் அழைப்பு: பதிவில்லாமல் ஏற்பதா, பதிந்த பின் ஏற்பதா?

எச்.323 என்பது வீடியோ அழைப்புக்கான நெறிமுறை; கேட்கீப்பர் அதில் கருவிகளின் பதிவையும் அழைப்புகளையும் நிர்வகிக்கும் சர்வர். நம் நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள எண்ட்பாயின்டிலிருந்து (அழைப்புக் கருவியிலிருந்து) வரும் அழைப்பை அதில் ஏற்க இரண்டு வழி உண்டு.

பதிவில்லாத அழைப்பை அனுமதிப்பது சுலபம். ஃபயர்வாலில் அழைப்பைத் தொடங்கும் டிசிபி 1720, எச்.245-க்கும் (அழைப்பின் கட்டுப்பாட்டுத் தகவல்) ஆர்டிபிக்கும் (ஒலி, படம்) ஒதுக்கிய போர்ட் வரம்பு ஆகியவற்றைத் திறந்தால் போதும். ஆனால் கேட்கீப்பர் ரூட்டட் மோடிலும் மீடியா ப்ராக்ஸியாகவும் ஓட வேண்டும், அதாவது அழைப்புத் தகவலும் ஒலி, படமும் அதன் வழியாகவே போக வேண்டும். இல்லையென்றால் உள் கருவி தன் 192.168 முகவரியையே எதிர்முனைக்குச் சொல்லும். மணி அடிக்கும், படம் வராது. எச்.323 தகவலுக்குள் இருக்கும் முகவரியை மாற்றும் ஃபயர்வால் வசதியான ஏஎல்ஜியை அணைத்துவிடுங்கள், அதுவும் கேட்கீப்பரும் முகவரியை மாற்றினால் குழப்பம்தான். 1720-ஐத் துழாவும் ஸ்கேனர்கள் நள்ளிரவிலும் மணி அடிக்கும். ஐஎஸ்டிஎன் கேட்வே (தொலைபேசி லைனுக்கு அழைப்பைக் கடத்தும் கருவி) இருந்தால் அதன் ப்ரீஃபிக்ஸை (அதற்குப் போக எண்ணுக்கு முன் சேர்க்கும் இலக்கங்களை) வெளியாருக்குக் கட்டாயம் மூடுங்கள்; இல்லையென்றால் அவர்கள் பேசும் பில் உங்கள் தலையில் விழும்.

இரண்டாவது, பதிந்த பின் ஏற்பது. ஃபயர்வாலைக் கடப்பதற்கான எச்.460.18, எச்.460.19 தரங்களின் வழியில் வெளிக் கருவி கேட்கீப்பரின் யுடிபி 1719-இல் கடவுச்சொல்லுடன் பதியும். அழைப்பு வந்ததும் கேட்கீப்பர் அந்தப் பாதையில் தகவல் அனுப்ப, கருவியே உள்ளிருந்து டிசிபி இணைப்பைத் தொடங்கும். அதன் பக்க ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம். பதிவைப் புதுப்பிக்கும் இடைவெளியை மட்டும் கவனியுங்கள்: ரவுட்டரின் யுடிபி டைம்அவுட்டைவிட அது நீண்டால், ‘பதிவாகியுள்ளது’ என்று காட்டும், அழைப்பு போய்ச் சேராது. 20 வினாடி வைத்துப் பாருங்கள்.

நிரந்தரக் கிளைகளுக்கும் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கும் இரண்டாவதே சரி. முன்பின் தெரியாத நிறுவனங்கள் அழைக்க வேண்டுமானால் முதல் வழியைத் தவிர்க்க முடியாது. அதைக் கூட்ட அறை எண்களுக்கு மட்டும் திறந்து வையுங்கள்.