பிரஜும் அவதியும் சொல்லித்தரும் அஸ்தம்பட்டி ஞாயிறு வகுப்பு: சேரலாமா?

ஹிந்தி பிரசார சபா தேர்வுகளில் விஷாரத், பிரவீண் என்ற மேல்நிலைத் தேர்வுகள் வரை வந்தவர்கள் பலரும் தடுமாறுவது பழைய கவிதையில்தான். பாடப்புத்தக ஹிந்தி தில்லி வட்டாரத்துக் கடிபோலி. சூர்தாஸ் பாடியதோ மதுரா வட்டாரத்துப் பிரஜ், துளசிதாஸின் ராமாயணமான ராமசரிதமானஸ் (சுருக்கமாக மானஸ்) அயோத்தி வட்டாரத்து அவதி. கீழ்வகுப்பில் படித்த இலக்கணம் இங்கே பாதிதான் கைகொடுக்கும்.

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறையில் நடக்கும் இந்த வகுப்பு முதலில் விகுதிகளைத்தான் எடுக்கிறது, செய்யுள் அப்புறம். சரியான வரிசை. 'என்னுடைய' என்பது கடிபோலியில் மேரா, பிரஜில் மேரோ, அவதியில் மோர். 'போனான்' கடிபோலியில் கயா, பிரஜில் கயௌ. இதுமாதிரி பத்துச் சொல் பழகினால் கவிஞர் பெயரை மூடி வைத்தாலும் பாட்டு எந்த ஊர்ப் பேச்சு என்று சொல்லிவிடலாம். வீட்டில் மார்வாரி பேசும் செவ்வாய்ப்பேட்டைப் பிள்ளைகளுக்கு இது இன்னும் சுலபம். அவர்கள் 'ம்ஹாரோ' என்றே வளர்ந்தவர்கள்.

வகுப்பின் உயிர் மாத்திரைப் பயிற்சி: குறிலுக்கு 1, நெடிலுக்கு 2 ('மங்' போல மூக்கொலி மெய் சேர்ந்ததற்கும் 2) என்று அடியை எண்ணுவது. தோஹா என்ற ஈரடிச் செய்யுளில் அடிக்கு 13+11, சௌபாயி என்ற செய்யுளில் அடிக்கு 16. மானஸின் சௌபாயி அடி 'மங்கல பவன அமங்கல ஹாரீ' என்பதை எண்ணினால் 4+3+5+4, கணக்குச் சரி. இன்றைய வழக்கப்படி 'மங்கல், பவன், அமங்கல்' என்று ஈற்று அகரத்தை விழுங்கினால் 13தான் தேறும், பாட்டு நொண்டும். இன்னொரு சிக்கல்: நாகரியில் எகர ஒகரக் குறிலுக்குத் தனி எழுத்து கிடையாது. 'ஜேஹி' என்று அச்சிட்டிருப்பதைப் பல இடங்களில் 'ஜெஹி' என்று குறுக்கி 2 மாத்திரையாக எண்ண வேண்டும். ஆசிரியர் அடியைத் தமிழ் எழுத்தில் எழுதவைத்துக் குறில் நெடில் பிரிக்கிறார். நமக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

குறை, கொடுக்கும் நோட்ஸில். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்ததில் சந்திரபிந்துவும் (பிறைமேல் புள்ளி) அனுஸ்வாரமும் (வெறும் புள்ளி) ஒரே புள்ளியாகிவிட்டன. 'ஹம்ஸ' (அன்னம்) 3 மாத்திரை. சந்திரபிந்துவோடு மூக்கொலியாக வரும் 'ஹஸி' (சிரித்து) 2தான். புள்ளி மாறினால் கணக்கே போச்சு. கீதா பிரஸ் பதிப்பு மானஸ் ஒன்று கையில் இருப்பது நல்லது.

வரலாற்றுப் பகுதி இன்னும் மோசம். விக்ரம சம்வத் என்ற வடநாட்டு ஆண்டுக்கணக்கும் கிறிஸ்து ஆண்டும் கலந்து கிடக்கின்றன. மானஸ் தொடங்கியது சம்வத் 1631, அதாவது 1574. 57 கழிக்க வேண்டும். கழிக்காமல் படிப்பவர் அதை ஷாஜகான் காலத்தில் கொண்டுபோய் வைப்பார். அவதி இலக்கியத்தை ஜாயசியின் பத்மாவத்தில் (1540) தொடங்குகிறார்கள். மௌலானா தாவூதின் சாந்தாயன் 1379லேயே வந்துவிட்டது, அதே தோஹா சௌபாயி அமைப்பில். அதை விட்டுவிட்டால் அந்தக் கட்டுக்கோப்பே துளசிதாஸ் கொடுத்தது என்றுதான் மாணவர் நினைப்பார்.

கபீரின் மொழிக்கு 'ஸதுக்கடி' (சாதுக்களின் கலப்பு மொழி) என்று ஒரு வரி, அவ்வளவுதான். 1604ல் தொகுத்த ஆதி கிரந்தம் (சீக்கியர் திருநூல்), கிழக்கத்திய கபீர் தொகுப்பான பீஜக், ராஜஸ்தான் ஏடுகள் மூன்றிலும் கபீரின் மொழி ஒன்றாக இல்லை. ஒரே பாடலை இரண்டு தொகுப்பிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும், புரிந்துவிடும். பிஹாரியின் பிரஜ் தோஹாத் தொகுப்பான ஸத்ஸயி தேர்வுக்கு வேண்டிய அளவுக்கு ஓடுகிறது.

வகுப்பு காலையில் என்பதால் ஏற்காட்டிலிருந்து இறங்கி வருபவர்கள் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். லகு (1 மாத்திரை), குரு (2 மாத்திரை) குறியிட பென்சில் எடுத்துப் போங்கள். பேனாவில் போட்டால் அடித்து அடித்துப் பக்கமே பாழாகும்.