ஒரே இன்ஜின், இரண்டு உடல்: பெரிய ஸ்கூட்டரா, பைக்கா?

பைக் வாங்கப் போன என் தங்கையின் கணவர் ஸ்கூட்டரோடு திரும்பி வந்தார். அதுவும் தங்கைக்காக அல்ல, தனக்காக. 150 சிசியைத் தாண்டிய இன்ஜின், பைக்குக்குக் கொடுக்க வேண்டிய விலை. "இந்தப் பணத்துக்கு நல்ல பைக்கே வந்திருக்குமே மாப்பிள்ளை" என்று அப்பா கேட்டதற்கு அவர் சிரித்ததோடு சரி. சேலத்தில் இரு வீடும் ஒரே தெருவில்தான். என்னிடம் கிட்டத்தட்ட அதே அளவு இன்ஜின் உள்ள பைக். எட்டு மாதமாக இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டியதில், சிசி கணக்கைப் பார்த்து ஸ்கூட்டரையும் பைக்கையும் எடைபோடுவது வீண் வேலை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

பெரிய இன்ஜின் ஸ்கூட்டர் நமக்குப் புதிதும் அல்ல. 1972-ல் வந்த பஜாஜ் சேத்தக் 150 சிசி வகையைச் சேர்ந்ததுதான். இடது கைப்பிடியை முறுக்கிக் கியர் போட்டு, பின்னால் ஸ்டெப்னியைச் சுமந்துகொண்டு, குடும்பத்தையே ஏற்றிச் சென்ற வண்டி. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 102 சிசி ஹோண்டா ஆக்டிவா வந்த பிறகுதான் ஸ்கூட்டர் என்றாலே கியர் இல்லாத சின்ன இன்ஜின் என்று ஆனது. நடுவில் 2006-ல் இத்தாலியின் இட்டால்ஜெட் வடிவமைப்பை வாங்கி, கைனடிக் நிறுவனம் 165 சிசியில் பிளேஸ் என்ற வண்டியை விட்டுப் பார்த்தது. யாருக்கும் அது எதற்கென்று புரியவில்லை. இன்று டிவிஎஸ் என்டார்க் 150, ஹீரோ சூம் 160, யமஹா ஏராக்ஸ் 155 என்று ஒரு வரிசையே நிற்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க யமஹாவைப் போல வசதியான உதாரணம் வேறு கிடைக்காது. 2021 செப்டம்பர் 21 அன்று அந்த நிறுவனம் ஏராக்ஸ் ஸ்கூட்டரையும் ஆர்15 பைக்கின் நான்காம் பதிப்பையும் ஒரே நாளில் இந்தியாவில் வெளியிட்டது. இரண்டிலும் 155 சிசி இன்ஜின். சிலிண்டரின் விட்டம் 58 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 58.7 மில்லிமீட்டர் என்பதுவரை ஒன்றே. தண்ணீர்க் குளிர்விப்பு, வேகத்துக்கு ஏற்ப வால்வு திறப்பை மாற்றும் நுட்பம் எல்லாம் இரண்டுக்கும் பொது. அப்படியிருந்தும் பைக்கில் 18.4 குதிரைத்திறன் வருகிறது, ஸ்கூட்டரில் 15. அன்றைய டெல்லி ஷோரூம் விலை ஸ்கூட்டருக்கு 1,29,000 ரூபாய், பைக்குக்கு 1,67,800. ஸ்கூட்டரின் எடை 126 கிலோ, பைக்கின் எடை 142.

விடுபட்ட அந்த மூன்று சொச்சம் குதிரைகளைப் பற்றித்தான் பையன்கள் சண்டை போடுகிறார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. இன்ஜினிலிருந்து சக்கரத்துக்குச் சக்தி எந்த வழியாகப் போகிறது என்பதுதான் பெரிய விஷயம். பைக்கில் ஆறு கியர், ஒரு செயின். ஸ்கூட்டரில் இரண்டு கப்பிகள், நடுவே ரப்பர் பெல்ட். வேகம் கூடக் கூட முன்கப்பிக்குள் இருக்கும் ரோலர்கள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, பெல்ட்டை மேலே ஏற்றுகின்றன. அதாவது வண்டி கியரைத் தானே, படியே இல்லாமல், வழுக்கிக்கொண்டு மாற்றுகிறது. பெல்ட் சூடாவதிலும் வழுக்குவதிலும் கொஞ்சம் சக்தி வீணாகும். மைலேஜில் ஸ்கூட்டர் பின்தங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊருக்குள் அந்த இழப்பு தெரியவே தெரியாது. ஐந்து ரோட்டில் சிக்னல் விழுந்ததும் நான் கிளட்ச்சை விட்டு, முதல் கியர், இரண்டாம் கியர் என்று காலால் தட்டிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை நாலு வண்டி தாண்டி முன்னால் நிற்பார். அறுபது கிலோமீட்டர் வேகம் வரை பெரிய ஸ்கூட்டரை அதே சிசி பைக் விரட்டிப் பிடிப்பது சுலபமில்லை. எடை குறைவு, இன்ஜினும் தன் நல்ல சுழற்சியிலேயே நிற்கும். மாலை ஆறு மணி நெரிசலில் இடது கை வலிக்காமல் வீடு சேருவதற்கே ஸ்கூட்டருக்குப் பாதி மதிப்பெண் கொடுத்துவிடலாம்.

கதை நெடுஞ்சாலையில் மாறுகிறது. 110 சிசி ஸ்கூட்டரில் எண்பதைத் தொட்டாலே வண்டி கெஞ்ச ஆரம்பிக்கும். 155 சிசியில் எண்பது என்பது நிம்மதியான வேகம். பெரிய இன்ஜினுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு இங்கேதான் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் எண்பதில் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு லாரியைத் தாண்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைக்கில் ஒரு கியர் குறைத்தால் வண்டி உடனே பாயும். ஸ்கூட்டரில் கைப்பிடியை முழுதாக முறுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதலில் சத்தம் வரும், பிறகுதான் வேகம் வரும். எதிரே பஸ் வரும்போது அந்த ஒன்றரை நொடி மிக நீளமானது.

பெட்ரோல் கொள்ளளவும் அங்கே உறைக்கும். ஏராக்ஸில் 5.5 லிட்டர், ஆர்15-ல் 11. லிட்டருக்கு நாற்பது கிலோமீட்டர் என்று வைத்தாலும் ஸ்கூட்டரில் சேலத்திலிருந்து கோவை போகலாம், திரும்புவதற்கு முன் பங்க்கைத் தேடியாக வேண்டும். பைக்கில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு சென்னைக்கே போய்விடலாம்.

மலைப்பாதைக்கு வருவோம். ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது மாப்பிள்ளையின் வண்டியைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தபோதும் மூச்சு வாங்கவில்லை. இறங்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. பைக்கில் இரண்டாம் கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் போதும். ஸ்கூட்டரில் அந்தப் பிடிப்பு லேசாகத்தான் இருக்கிறது. வளைவுக்காக வேகத்தை மிகவும் குறைத்ததும், இன்ஜினையும் சக்கரத்தையும் இணைக்கும் கிளட்ச் தானாக விட்டுவிடுகிறது. அதன்பின் வண்டி சைக்கிளைப் போல உருளத் தொடங்கும். பாதி மலை இறங்குவதற்குள் பின் டிரம் பிரேக்கிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. இடது பிரேக் பஞ்சைப் பிடிப்பது போல ஆகிவிட்டது. ஓரமாக நிறுத்தி, குரங்குகளுக்கு நடுவே கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மிச்சத்தை இறங்கினோம். இறக்கத்தில் கைப்பிடியை முழுவதும் விட்டுவிடாமல் துளி முறுக்கி வைத்தால் கிளட்ச் பிடித்துக்கொண்டிருக்கும் என்பது பிறகு நான் கற்றுக்கொண்ட பாடம். பைக்காரருக்கு இந்த வித்தையெல்லாம் தேவையில்லை.

பிரேக்கில் பெரிய ஸ்கூட்டருக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. 125 சிசிக்கு மேல் போனால், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்ற விதி 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய வண்டிகளுக்கும் பொருந்துகிறது. அந்த விதிப்படி 110, 125 சிசி ஸ்கூட்டர்களுக்கு ஒரு பிரேக்கைப் பிடித்தால் மற்றதும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடே போதும். ஆக, 155-க்குப் போகிறவருக்கு முன்சக்கர ஏபிஎஸ்ஸாவது கிடைக்கிறது. மழையில் எண்ணெய் படிந்த தார்ச் சாலையில் அதன் அருமை தெரியும்.

இனி சக்கரம். என்னைக் கேட்டால் மொத்த விவாதமும் இங்கேதான் முடிவாகிறது. பைக்குக்கு 17 அங்குலம். ஏராக்ஸுக்கும் சூம் 160-க்கும் 14. என்டார்க் 150-க்கு 12. சக்கரம் சிறிதானால் அதே குழி பெரிதாகிறது. தவிர, பெல்ட் ஸ்கூட்டரில் இன்ஜினும் பெல்ட் பெட்டியும் பின்சக்கரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. அவ்வளவு எடையை ஷாக் அப்சார்பர் அடக்க வேண்டும். பைக்கில் இன்ஜின் சட்டகத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பதால் பின்சக்கரத்துக்கு அந்தச் சுமை இல்லை. உட்காரும் விதமும் சேர்ந்துகொள்கிறது. வேகத்தடை கண்ணில் படாமல் வந்துவிட்டால் பைக்கில் கால்களை ஊன்றிப் புட்டத்தைத் தூக்கிக்கொள்ளலாம். ஸ்கூட்டரில் நாற்காலியில் உட்கார்ந்தது போலக் கால்கள் முன்னால் நீண்டிருக்கும், தூக்க வழியில்லை. அடி நேராக இடுப்பெலும்பில் இறங்கும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் சோதனை ஓட்டத்துக்குப் போனால் வழவழப்பான சாலையை விட்டுவிட்டு, குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி மூடிய தெருவில் ஓட்டிப் பாருங்கள்.

பின்னால் உட்காருபவரைக் கேட்டால் தீர்ப்பு தலைகீழாகும். இன்றைய 150 சிசி பைக்குகள் பலவற்றின் பின் இருக்கை உள்ளங்கை அகலம், உயரம் மட்டும் தாராளம். அம்மா என் பைக்கில் ஏறுவதில்லை, ஏறவும் முடியாது. ஸ்கூட்டரில் புடவையோடு பக்கவாட்டில் உட்கார்ந்து கோயிலுக்குப் போய் வருகிறார். இருக்கைக்கு அடியில் ஏராக்ஸில் 24.5 லிட்டர் இடம் உண்டு. மழைக்கோட்டு, மதியச் சாப்பாடு, காய்கறிப் பை எல்லாம் அடங்கும். பைக்கில் வண்டிப் பத்திரத்தை வைக்கவே இடம் தேட வேண்டும்.

பராமரிப்பில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. பைக்கின் செயினை ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போட வேண்டும், சோம்பேறிகளுக்கு அது தண்டனை. ஸ்கூட்டரின் பெல்ட்டை மறந்தே போகலாம். இருபதாயிரம் கிலோமீட்டரை ஒட்டி மாற்றும்போது மட்டும் மொத்தமாகச் செலவு வைக்கும். பெல்ட் பெட்டிக்குள் வெள்ளம் புகுந்தால் பெல்ட் வழுக்கி, இன்ஜின் ஓடும், வண்டி நகராது. பேட்டரி சோர்ந்துபோனால் பைக்கை இரண்டாம் கியரில் தள்ளிக் கிளப்பப் பார்க்கலாம், ஸ்கூட்டரில் அதற்கு வாய்ப்பே கிடையாது.

வீட்டில் இரண்டும் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்கூட்டரின் இடது பிடி பிரேக், பைக்கின் இடது பிடி கிளட்ச். மூன்று வாரம் தொடர்ந்து ஸ்கூட்டர் ஓட்டிவிட்டு ஒரு காலையில் பைக்கை எடுத்தேன். தெருமுனையில் ஒரு சிறுவன் பந்தைத் துரத்திக்கொண்டு குறுக்கே ஓடி வந்தான். இடது கை தன் பாட்டுக்கு இறுக்கிப் பிடித்தது. வண்டி நிற்கவில்லை, இன்ஜின் பிடி விட்டுப்போய் முன்னால் உருண்டது. வலது கால் பிரேக்கைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பையன் எப்படியோ தாண்டிவிட்டான். வண்டியின் விவரக் குறிப்பில் உள்ள எந்த எண்ணும் இதைச் சொல்லாது. அதற்குப் பிறகு பைக்கில் ஏறியதும் நகருவதற்கு முன் வலது காலால் பிரேக்கை இரண்டு முறை மிதித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

400, 500 சிசி என்று போகும் நிஜமான பெரிய ஸ்கூட்டர்கள் வேறு உலகம். யமஹா டிமாக்ஸ் 2001-ல் 499 சிசி இரட்டைச் சிலிண்டரோடு வந்து, இன்ஜினைப் பின்சக்கரத்திலிருந்து பிரித்துச் சட்டகத்தில் பொருத்தியது. பைக்கின் நடத்தை ஸ்கூட்டருக்கு வந்தது அப்படித்தான். சுஸுகி பர்க்மேன் 650-இன் எடை 270 கிலோவுக்கு மேல், அதை நம் ஊர்ச் சந்தில் திருப்பி நிறுத்த இரண்டு ஆள் வேண்டும். இந்தியாவில் பிஎம்டபிள்யூ சி 400 ஜிடி 2021-ல் 9.95 லட்சத்துக்கு வந்தது. பெயரில்தான் 400, இன்ஜின் 350 சிசி. 2025-ல் வந்த 745 சிசி ஹோண்டா எக்ஸ்-ஏடிவியின் அறிமுக விலை 11.90 லட்சம். போதாக்குறைக்கு 2025 செப்டம்பர் முதல் 350 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், அதற்குக் கீழே 18. இந்தப் பணத்துக்கு நல்ல பைக்கோடு ஒரு பழைய காரும் வாங்கலாம். ஆசை இருப்பவர்கள் வாங்கட்டும், நான் பொறாமையோடு பார்த்துக்கொள்கிறேன்.

155 வகைக்கே திரும்பினால், தினமும் ஊருக்குள் முப்பது கிலோமீட்டர், மாதத்தில் ஓரிரு முறை நாமக்கல், ஈரோடு என்று போய் வருபவருக்குப் பெரிய ஸ்கூட்டரைத் தயங்காமல் சொல்வேன். வாரக் கடைசியில் மலையேறுபவர்களும் கிராமத்து மண் சாலையில் போக வேண்டியவர்களும் பைக்கிலேயே இருக்கட்டும்.

ஸ்கூட்டர் வாங்குகிறவர் கால் வைக்கும் இடத்தை மட்டும் கடையிலேயே குனிந்து பார்க்க வேண்டும். 1946-ல் வெஸ்பாவை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர், அவருக்கு மோட்டார் சைக்கிள் பிடிக்காது. ஓட்டுபவர் காலைத் தூக்கிப் போடாமல் நடந்து போய் உட்காரும்படி முன்பக்கத்தைக் காலியாக விட்டார். பாவாடைக்கும் வேட்டிக்கும் சேர்த்துச் செய்தது போன்ற வடிவம். இன்றைய பெரிய ஸ்கூட்டர்கள் சிலவற்றில் அந்த இடத்தில் பெட்ரோல் டேங்க் முதுகெலும்பு போல எழும்பி நிற்கிறது. ஏராக்ஸிலும் அப்படித்தான். பெட்ரோல் போட இருக்கையைத் திறக்க வேண்டாம் என்பது லாபம். மாப்பிள்ளையின் வண்டியும் இதே வடிவம்தான். அதனால் லீ பஜாரில் அரிசிச் சிப்பம் எடுக்கும் நாளில் அவர் புது வண்டியை என் வீட்டு வாசலில் விட்டுவிட்டு, தங்கையின் பழைய 110 சிசி ஸ்கூட்டரின் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்.