எண்ணும் எழுத்தும் பயிற்சி: தமிழ் வாசிப்புக்கு எது உதவியது, எது உதவவில்லை

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் என்னிடம்; நான்கும் ஐந்தும் தலைமை ஆசிரியரிடம். கொரோனாவில் விட்டுப்போன எழுத்தையும் கணக்கையும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு மீட்டுத்தர 2022 ஜூனில் மாநில அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியதிலிருந்து பருவத்துக்குப் பருவம் நடக்கும் பயிற்சிகளுக்குப் போய்வருகிறேன். புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள், "இந்தப் பயிற்சியால வகுப்புல நெஜமா என்ன மாறுது?" என்று கேட்கிறார்கள். சங்கக் கூட்டத்தில் கேட்டால் ஒரு பதில் வரும், அதிகாரி முன்னால் கேட்டால் வேறு பதில் வரும். கணக்கையும் ஆங்கிலத்தையும் விட்டுவிட்டு, தமிழ் வாசிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

முதலில் நல்லது. 2022 ஜூனில் மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைகள், கொரோனாவில் ஒன்றாம் வகுப்பு முழுவதையும் வீட்டிலேயே கழித்தவர்கள். தொடக்க வகுப்புகளுக்குப் பள்ளி திறந்ததே 2021 நவம்பர் 1ஆம் தேதிதான். பிரதம் தொண்டு நிறுவனம் வீடுவீடாக நடத்தும் ஏசர் கணக்கெடுப்பில், 2022ஆம் ஆண்டு தமிழகக் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை என்று வந்தது. அந்தக் கணக்கெடுப்பு முறை பற்றி ஆசிரியர்களுக்குள் சண்டை உண்டு. ஆனாலும் வகுப்பறைக்குள் இருந்த எவரையும் அந்த எண் தூக்கிவாரிப் போடவில்லை.

அந்த நேரத்தில் பயிற்சி தந்த பெரிய உதவி அனுமதிதான். மூன்றாம் வகுப்பில் இருக்கிறான் என்பதற்காக மூன்றாம் வகுப்புப் பாடத்தையே நடத்த வேண்டியதில்லை. ஒன்றாம் வகுப்பு நிலையில் இருந்தால் அரும்பு, இரண்டாம் வகுப்பு நிலை என்றால் மொட்டு, வகுப்புக்குரிய நிலையை எட்டியவர்களுக்கு மலர். பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கு என்று கையேட்டிலேயே அச்சிட்டுத் தந்தார்கள். பிள்ளைக்கு எட்டாத பாடத்தை ஓட்டிக்கொண்டு "போர்ஷன் முடியலையே" என்று பயந்த காலம் அதோடு போயிற்று. சோதனைக்கு யார் வந்தாலும், "இவன் அரும்பு சார், இப்பதான் குறில் நெடில்ல நிக்கிறான்" என்று தைரியமாகச் சொல்லலாம். வெளியே இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். ஒரே அறையில் மூன்று வகுப்பு வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

மூத்த ஆசிரியர்கள் இதைக் கேட்டுப் பயிற்சி அறையிலேயே சிரித்ததும் நினைவிருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுவதும் போன செயல்வழிக் கற்றலிலும் பிள்ளை அட்டை அட்டையாக, தன் வேகத்தில்தான் கற்றல் ஏணிப்படி ஏறும். அதன் வேர் ஆந்திராவில் ரிஷிவேலியைச் சுற்றியிருந்த கிராமப் பள்ளிகளில் இருந்தது. அட்டைகளை மூட்டை கட்டி பீரோ மேல் ஏற்றிவிட்டு, பல வருஷம் கழித்து அதே யோசனையைப் புதுப் பெயரோடு இறக்கிக்கொண்டோம். அன்று வகுப்பறைக் கம்பிப் பந்தலில் காகிதம் தொங்கவிட்ட கைகள்தான் இப்போது பொம்மலாட்டத்துக்கு விரல் பொம்மை ஒட்டுகின்றன.

பயிற்சி அறையைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. மாநில அளவில் பயிற்சி பெற்றவர்கள் மாவட்டத்துக்குச் சொல்லித்தர, அவர்கள் ஒன்றியக் கருத்தாளர்களுக்குச் சொல்லித்தர, அவர்கள் எங்களுக்குச் சொல்லித்தருவார்கள். கருத்தாளர்களும் நம்மைப் போன்ற ஆசிரியர்கள்தான். நேற்று கற்றதை இன்று மேடையேற்ற வேண்டிய கஷ்டம் அவர்களுக்கு. இப்படிக் கைமாறி வரும்போது பாடல், ஆட்டம், கதை, துணைக்கருவி செய்முறை எல்லாம் அப்படியே வந்து சேர்ந்துவிடுகின்றன, ஏனென்றால் செய்து காட்டலாம். 'ஏன்' என்பது மட்டும் வழியிலேயே உதிர்ந்துவிடும். ஒரு பிள்ளை ஏன் இந்த இடத்தில் திக்குகிறது என்று கேட்டால் "திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுங்க டீச்சர்" என்பதைத் தாண்டிப் பதில் வந்ததில்லை. ஆடல் பாடலில் எனக்குப் பகை கிடையாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அழாமல் உட்கார்வதே அதனால்தான். ஆனால் வாசிப்பு வருவது வேறு இடத்தில்.

அந்த வேறு இடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம்.

என் வகுப்பில் ஒரு பையன். உயிர், மெய், உயிர்மெய் என எழுத்து அட்டை எதைக் காட்டினாலும் பட்டென்று சொல்வான். 'கொக்கு' என்று எழுதி வாசிக்கச் சொன்னால் கொம்பைப் பார்த்ததும் 'கெ' என்று ஆரம்பித்து, பக்கத்துக் காலைப் பார்த்து முழிப்பான். கண் முதலில் பார்ப்பது கொம்பு, வாய் முதலில் சொல்ல வேண்டியது க். காலும் சேர்ந்தால்தான் ஒலி முடிவாகும். அதுவரை காத்திருக்கத் தெரிய வேண்டும். 'மரம்' என்பதை 'மாம்' என்பான். அவனுக்கு ரகரமும் காலும் ஒன்றுதான். இதெல்லாம் தமிழ் எழுத்துக்கே உரிய சிக்கல்கள். ஆங்கில வாசிப்பை வைத்துச் செய்த கையேடுகளில் இதற்கு விடை இருக்காது, இருக்கவும் முடியாது.

இதைவிட வேடிக்கை 'தங்கம்'. த... ங்... க... ம். நாலு எழுத்தையும் சரியாகச் சொல்லிவிட்டு, சேர்க்கும்போது 'கல்'லில் வரும் அதே வல்லோசைக் ககரத்தைப் போட்டு ஏதோ ஒன்று சொல்வான். காதில் விழுந்த அந்தச் சொல் அவன் அறிந்த எந்தச் சொல்லோடும் ஒட்டவில்லை. அவன் அக்கா பெயரே தங்கம்! நமக்கு ககரம் ஒரே எழுத்து. ஆனால் ங்க என்று வரும்போது ஒலி மெலிந்துவிடும். பஞ்சு, வண்டு, பந்து, பாம்பு எல்லாவற்றிலும் இதே கதைதான். இலக்கணத்தில் இன எழுத்து என்று ஆறாம் வகுப்பில் நடத்துகிறோம். வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு அது இரண்டாம் வகுப்பிலேயே வேண்டும், அந்தப் பெயரைச் சொல்லாமல். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப என்று இரண்டெழுத்தையும் ஒரே அட்டையில் சேர்த்து எழுதி, ஒரே மூச்சில் சொல்லப் பழக்கினேன். 'தங்கம்' மூன்று துண்டானது: த, ங்க, ம். அடுத்த வாரமே 'சங்கு', 'நுங்கு', 'பங்கு' எல்லாம் அவன் கைக்கு வந்துவிட்டன.

எழுத்துகளைப் பிடிப்பதே ஒன்றிரண்டு ஆண்டில் முடிகிற வேலையில்லை என்பதற்கு ஆய்வும் உண்டு. கன்னடப் பிள்ளைகளை வைத்து சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கற்றல் நான்காம் வகுப்புவரை நீள்கிறது என்று வந்தது. கன்னடத்துக் கூட்டெழுத்துத் தொல்லை நமக்கில்லை. இருந்தாலும் 247 எழுத்தையும் ஒரு பருவத்தில் முடித்துவிட்டு 'அடுத்து சொல், அடுத்து தொடர்' என்று ஓடுகிற அட்டவணையைப் பார்க்கும்போது அந்த ஆய்வை யாராவது பயிற்சியில் ஒரு மணி நேரம் பேசினால் என்ன என்று தோன்றும்.

இன எழுத்து யோசனை எனக்கு எந்தப் பயிற்சி அறையிலும் கிடைக்கவில்லை. ஒரு வகுப்புப் பார்வையில் கிடைத்தது. வட்டார வள மையத்திலிருந்து வரும் ஆசிரியர் பயிற்றுநர்கள் பொதுவாகப் பாடக்குறிப்பு, பயிற்சி நூல், கதைக்கும் பாடலுக்கும் வகுப்பில் ஒதுக்கிய களங்கள் எல்லாம் பார்த்துப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போவார்கள். அவர்களுக்கும் ஒரே நாளில் பல பள்ளிகள். ஒரு முறை வந்த மேடம் மட்டும் நாற்காலியை மறுத்துவிட்டு, பாயில் அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிவிட்டு வாயே திறக்கவில்லை. அவன் திக்கிய இடங்களை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், இவனுக்கு எழுத்து தெரியும். சேக்குறப்பதான் தடுமாறுறான். அதுவும் எல்லா எடத்துலயும் இல்ல, பாருங்க."

தாளைப் பார்த்தேன். தங்கம், பஞ்சு, கொண்டை, வேம்பு. எல்லாமே ஒரே மாதிரி. இத்தனை நாள் பக்கத்தில் இருந்தும் என் காதில் விழாததற்குக் காரணம் எளிது: முப்பது பேர் கூட்டமாக வாசிக்கும்போது யார் எங்கே திக்குகிறார்கள் என்று தெரியாது. தனியாக வாசிக்கவைத்தாலும் நாம் அவசரப்பட்டுச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவோம்.

தவறுகளைக் குறித்துவைத்து அதில் ஒழுங்கு தேடும் இந்த முறை உலகத்துக்குப் புதிதில்லை. நியூசிலாந்தில் வாசிப்பு ஆய்வாளர் மேரி கிளே 1970களிலேயே இதை ஆசிரியர்களுக்குக் கற்றுத்தந்திருக்கிறார். நம் பயிற்சிகளில் இதற்கு இடம் வைத்தால் வேறெதுவும் வேண்டாம் என்றுகூட எனக்குத் தோன்றும்.

அதன்பிறகு, சுற்றுவட்டப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களுக்குப் போகும்போது நாங்கள் சிலர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பெற்றோரிடம் சொல்லிவிட்டு ஒரு பிள்ளை வாசிப்பதைக் கைப்பேசியில் பதிந்து எடுத்துப்போவோம். பெயர் சொல்ல மாட்டோம், கேட்டு முடித்ததும் அழித்துவிடுவோம். தேநீர் இடைவேளையில் வடையோடு சேர்த்து ஒரு பதிவு. ஒரு நாள் வந்தது இந்தப் பஞ்சாயத்து. நூலில் 'பூனை பாலைக் குடித்தது' என்றிருந்ததை ஒரு சிறுமி தங்குதடையின்றி 'பூனை பால குடிச்சுச்சு' என்று வாசித்துவிட்டாள்.

"தப்புதான். அச்சுல இருக்கறத வாசிக்கணும்" என்றார் ஒரு சார்.

"என்ன சார் தப்பு? அர்த்தம் புரிஞ்சுதான வாசிச்சிருக்கா? எழுத்துக்கூட்டித் திக்கித் திக்கி 'குடித்தது'ன்னு சொல்றவனவிட இவ எவ்வளவோ மேல" என்றார் பக்கத்து ஊர் டீச்சர்.

மணி அடித்தும் ஓயவில்லை. நான் டீச்சர் பக்கம். வீட்டுப் பேச்சுக்கும் நூல் நடைக்கும் நடுவே இத்தனை தூரம் இருக்கிற மொழியில், பொருளைப் பிடித்துக்கொண்டு பேச்சுக்குத் தாவுகிற பிள்ளைக்கு அடுத்த படி கதை கேட்பதுதான். நூல் நடையில் நிறையக் கதை வாசித்துக் காட்டினால் 'குடித்தது' தானாகக் காதில் ஏறும். அந்த அரை மணி நேரச் சண்டையில் நான் கற்றது, பல பருவங்களில் மின்திரையில் பார்த்ததைவிட அதிகம்.

பிள்ளைகளின் நிலையை நாங்கள் கைப்பேசியில் பதியும் மதிப்பீட்டுச் செயலிக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. வாசிக்கிறாரா, இல்லையா, ஒரு தொடுதல். ஒன்றிய அரசின் அடிப்படைக் கற்றல் திட்டமான நிபுண் பாரத் இலக்குப்படி மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல்லாவது பொருள் புரிந்து வாசிக்க வேண்டும். இந்தியில் பல சொல்லாகப் பிரிகிற விஷயம் நம்மிடம் 'பள்ளிக்கூடத்திலிருந்துதான்' என்று ஒரே சொல்லாக வந்து நிற்கும். அதையும் ஒன்று என்றுதான் எண்ண வேண்டும். 2022இல் தேசிய அளவில் நடந்த அடிப்படைக் கற்றல் ஆய்வில் மொழிக்கு மொழி தனி அளவுகோல் வகுத்தார்கள், அது நியாயம். ஆனால் ஆசிரியர் மனதில் தங்கியிருப்பது அந்த 60தான். அதற்காகப் பிள்ளைகளை மூச்சுவாங்க ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

இணையவழிப் படிப்புகள் பற்றி ஒரு வார்த்தை. 2021இல் வந்த ஒன்றிய அரசின் ஆசிரியர் பயிற்சியான நிஷ்தா 3.0 அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்கென்றே 12 தொகுதிகள் கொண்டது, தீக்‌ஷா தளத்தில் நடந்தது. உள்ளடக்கம் பரவாயில்லை, தாய்மொழி வழிக் கற்றல் பற்றிய பகுதியை இன்றைக்கும் பரிந்துரைப்பேன். மற்றபடி, காணொளி ஒரு பக்கம் ஓட, கை மறுபக்கம் சத்துணவுக் கணக்கு எழுத, கடைசியில் வினாடிவினாவுக்கு விடை ஆசிரியர்களின் கைப்பேசிக் குழுவில் வந்துவிடும். எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

பயிற்சி எதுவும் தேவைப்படாமலே என் வகுப்பில் அதிகம் வேலை செய்தது மாநில அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள். மெல்லிய சின்னப் புத்தகங்கள்; நுழை, நட, ஓடு, பற என்று நாலு நிலை. 'நுழை'யில் ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, அதுவும் பிள்ளைகள் பேசுகிற மாதிரி. அரும்பில் இருப்பவன்கூட ஒரு புத்தகத்தை முழுசாக முடித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். 'குடிச்சுச்சு' வழக்கில் இது யார் பக்கச் சாட்சி என்று அந்த சாரிடம் கேட்டுவைத்திருக்கிறேன்.

2020 தேசியக் கல்விக் கொள்கை ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்று சொல்கிறது. எத்தனை மணி என்பதில் எனக்குச் சண்டையில்லை. அதில் பாதியாவது என் வகுப்பறையில், என் பிள்ளைகளோடு நடக்கட்டும் என்பதுதான் கோரிக்கை. அதற்கு ஆசிரியர் பயிற்றுநரின் கையிலிருக்கும் பதிவேடுகளைக் குறைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பள்ளி, ஒரு பள்ளியில் இரண்டு பிள்ளைகள் பக்கத்திலாவது உட்கார நேரம் தர வேண்டும்.

புதிதாக வந்தவர்கள் அடுத்த பருவப் பயிற்சிக்குப் போகும்போது கையேடு, பேனாவோடு ஒரு பிள்ளை திக்கிய சொற்களின் பட்டியலையும் எடுத்துப்போங்கள். கருத்தாளர் பாடல் சொல்லித்தரும்போது பாடுங்கள், நன்றாகவே இருக்கும். இடைவேளையில் அந்தப் பட்டியலைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் நீட்டி, "டீச்சர், இது எல்லாத்துலயும் பொதுவா என்ன தெரியுது?" என்று கேளுங்கள்.