சாப்பிடுவதா, குடிப்பதா, பூசுவதா, மூடுவதா: தோலுக்கு எது உதவும்?

தோலைக் காப்பாற்ற உள்ளே சாப்பிடுவது மேலா, வெளியே பூசுவது மேலா என்று வாதாடுகிறவர்கள் நிறைய. இரண்டையும் ஒரே களத்தில் இறக்கிப் பார்த்தவர்கள் குறைவு. அப்படிப் பார்த்த ஓர் ஆய்வு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், நாம்போர் என்ற ஊரில் 1992-இல் தொடங்கியது. 1,621 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதியினர் தினமும் சன்ஸ்கிரீன் பூச வேண்டும். மறு பாதியினர் தங்கள் வழக்கப்படி, தோன்றினால் பூசிக்கொள்ளலாம். அதே ஆட்களை இன்னொரு கணக்கிலும் பிரித்து, பாதிப் பேருக்குத் தினமும் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் (கேரட்டில் உள்ள, உடம்பு வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும் நிறப்பொருள்) மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. இப்படி நாலரை வருடம் ஓடியது.

தினமும் பூசியவர்களுக்கு, தோல் புற்றுநோயில் ஒரு வகையான செதில் செல் கட்டிகள் சுமார் 40 சதவீதம் குறைவாக வந்தன. 2013-இல் வெளியான இன்னொரு பகுதியில், 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரின் புறங்கைத் தோலை அச்சு எடுத்து ஒப்பிட்டார்கள். தினமும் பூசியவர்களின் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு. மாத்திரை சாப்பிட்டவர்கள்? கட்டியிலும் வித்தியாசம் இல்லை, சுருக்கத்திலும் இல்லை.

ஆகவே, நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயிலால் வரும் கேட்டைத் தடுப்பதில் உணவு, தண்ணீர், வெயில் தடுப்பு மூன்றும் சம பலமுள்ள போட்டியாளர்கள் அல்ல. மூன்றாவது வெகுதூரம் முன்னால் நிற்கிறது. ஆனால் தோலுக்கு வெயில் மட்டுமா பிரச்சினை? வறட்சி உண்டு, பரு உண்டு, சத்துக்குறைவு உண்டு. அங்கெல்லாம் வேறு ஆள் ஜெயிக்கிறார்.

தட்டிலிருந்தா, டப்பாவிலிருந்தா

மாத்திரை தோற்றது என்பதற்காகக் காய்கறியும் தோற்றது என்று ஆகாது. வைட்டமின் சி இல்லாமல், தோலைத் தாங்கிப் பிடிக்கும் புரதமான கொலாஜனின் உறுதியான இழைகளை உடம்பால் பின்ன முடியாது. அது அறவே குறைந்தால் ஸ்கர்வி வரும்: ஈறில் ரத்தம், ஆறாத புண், மயிர்க்கால்களைச் சுற்றி ரத்தப்புள்ளிகள். கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 1747-இல் நோயாளிகளைச் சோடி சோடியாகப் பிரித்து வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துப் பார்த்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற சோடிதான் சட்டென்று தேறியது. குறையிருந்த இடத்தில் உணவு செய்த வேலை அது. குறையே இல்லாதவர் அதே வைட்டமினை இரண்டு மடங்கு விழுங்கினால் தோல் இரண்டு மடங்கு மினுங்கும் என்று இதற்குப் பொருள் இல்லை.

வெயிலை உணவால் தடுக்கவே முடியாதா? கொஞ்சம் முடியும். 2001-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் தினமும் 40 கிராம் தக்காளி விழுதை ஆலிவ் எண்ணெயோடு பத்து வாரம் சாப்பிட்டவர்களுக்கு, புற ஊதா ஒளி பட்டபோது வந்த தோல் சிவப்பு சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்து வாரம் காத்திருந்து கிடைப்பது அது. ஒழுங்காகப் பூசிய, எஸ்பிஎஃப் (வெயில் தடுப்புத் திறனைக் காட்டும் எண்) 30 உள்ள சன்ஸ்கிரீன், சிவக்க வைக்கும் கதிர்களில் 97 சதவீதத்தை அன்றைக்கே நிறுத்துகிறது. தக்காளி சாப்பிடுங்கள், தப்பில்லை. அதை நம்பி மொட்டை வெயிலில் நிற்காதீர்கள். ‘வெயிலைத் தடுக்கும் மாத்திரை’ என்று சொல்லி விற்ற நிறுவனங்களை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்ததும் இதனால்தான்.

மாத்திரை டப்பாவின் மேல் எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. உணவில் இருக்கும்போது சாதுவாக இருக்கும் சத்து, மாத்திரையாக அளவு கூடும்போது வேறு முகம் காட்டலாம். அதே பீட்டா கரோட்டினைப் பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குத் தினம் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் வந்த முடிவின்படி நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. வைட்டமின் ஏ அளவு மீறினால் ஈரலுக்கு ஆபத்து, கர்ப்பிணியின் குழந்தைக்கும் ஆபத்து.

மாத்திரைகளில் ஒன்றுக்கு மட்டும் நியாயம் செய்ய வேண்டும். நிகோட்டினமைடு, அதாவது வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம். 2015-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், ஏற்கெனவே தோல் புற்றுநோய் வந்தவர்கள் தினம் இருவேளை 500 மில்லிகிராம் எடுத்தபோது, மெலனோமா (நிறமிச் செல்களில் வரும் கொடிய தோல் புற்றுநோய்) அல்லாத புதிய கட்டிகள் 23 சதவீதம் குறைந்தன. நிறுத்தியதும் பலனும் நின்றுவிட்டது. இது தோல் மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டியது. அழகுக்காக வாங்கி விழுங்குவதற்கு அல்ல.

கொலாஜன் பொடி? வயிறு அதைத் துண்டு துண்டாக வெட்டித்தான் உள்ளே விடுகிறது. சில சிறு துண்டுகள் ரத்தத்தில் சேர்வது உண்மை. அவை நேராகக் கன்னத்துக்குப் போய்ச் சுருக்கத்தை நிமிர்த்தும் என்பது விளம்பரம் சேர்த்துக்கொண்ட பகுதி. ஆதரவான ஆய்வுகள் பலவற்றுக்கு விற்பவர்களே செலவு செய்திருக்கிறார்கள். நான் வாங்க மாட்டேன்.

பருவைப் பொறுத்தவரை கதை வேறு. அங்கே சாப்பாட்டை மாற்றுவது வேலை செய்கிறது. 2007-இல் வெளியான ஆய்வில் 15 முதல் 25 வயது வரையுள்ள 43 ஆண்களில் ஒரு பகுதியினர், ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத உணவுக்கு 12 வாரம் மாறினார்கள். அவர்களுக்குப் பருக்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்தன. கூடவே எடையும் குறைந்ததால் எது எதைச் செய்தது என்று முழுக்கப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பருவோடு அல்லாடும் ஒருவருக்கு, கொலாஜன் பொடியைவிட இனிப்புப் பானத்தை நிறுத்துவது நல்ல முதல் படி.

தண்ணீர் பாட்டில், மாய்ஸ்சரைசர்

கால் தோல் வெடித்துச் செதில் செதிலாக வந்த ஒரு காலத்தில் நான் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தேன். பலன், கழிப்பறைக்குப் பத்து நடை. கால் அப்படியேதான் இருந்தது.

காரணம் எளிது. குடித்த நீர் முதலில் ரத்தத்துக்குப் போகும், தேவைக்கு மேல் உள்ளதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். தோலின் மேலடுக்கு உலர்வது உள்ளே நீர் இல்லாததால் அல்ல, இருக்கும் நீர் காற்றில் போய்விடுவதால். மேலடுக்குச் செல்களைச் செங்கல் என்றும், இடையில் உள்ள கொழுப்பைச் சாந்து என்றும் வைத்துக்கொண்டால், நாம் அடைக்க வேண்டியது சாந்தில் விழுந்த விரிசலை. கொதிக்கும் வெந்நீரும் கடும் சோப்பும் அந்தச் சாந்தைத்தான் கரைக்கின்றன.

2015-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் பெண்களைத் தினமும் கூடுதலாக 2 லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். முன்பு குறைவாகக் குடித்துவந்தவர்களிடம் தோலின் ஈரம் தெளிவாகக் கூடியது. ஏற்கெனவே போதுமான அளவு குடித்தவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் சொன்ன அளவு பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர், அதுவும் சாப்பாட்டில் உள்ள நீரையும் சேர்த்துத்தான். தாகத்துக்குக் குடியுங்கள், சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. சிறுநீரக நோயோ இதய நோயோ இருப்பவர்களுக்கு மருத்துவர் சொன்ன அளவுதான் அளவு.

வறண்ட தோலுக்கு மாய்ஸ்சரைசர்தான் ஜெயிக்கிறது. அதிலும் இரண்டு கட்சி உண்டு. கிளிசரின், யூரியா, ஹயலுரானிக் அமிலம் போன்றவை நீரை இழுத்து வைப்பவை. பெட்ரோலியம் ஜெல்லி மூடி போட்டுப் பூட்டுவது. விலை மலிவு, மணம் கிடையாது, நீர் தப்பிப்பதை நிறுத்துவதில் அதை மிஞ்ச ஆள் இல்லை. பிசுபிசுப்புதான் அதன் குறை. அதனால் முகத்துக்கு இலேசான கிரீம், குதிகாலுக்கும் முழங்கைக்கும் ஜெல்லி என்று நான் பிரித்துக்கொள்கிறேன். எதுவானாலும், குளித்துத் துவட்டியதும் ஈரம் காயும் முன்பே பூச வேண்டும்.

பூசுவதா, மூடுவதா

1981-இல் ஆஸ்திரேலியாவில் வந்த புகழ்பெற்ற விழிப்புணர்வு விளம்பரத்தின் வரிசையைக் கவனியுங்கள்: சட்டையை மாட்டு, சன்ஸ்கிரீனைப் பூசு, தொப்பியை வை. சட்டைதான் முதலில். கிரீம் வியர்வையில் வழியும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும், காதுமடலும் பின்கழுத்தும் விட்டுப்போகும். சட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் எல்லாத் துணியும் ஒன்றல்ல. மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டை, அதுவும் நனைந்துவிட்டால், நிறையக் கதிரை உள்ளே விடும். நெருக்கமாக நெய்த, அடர் நிறத் துணி நல்லது. விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளி எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு ஓட்டை.

நிழலை மட்டும் நம்பினால்? 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஏரிக்கரையில் மூன்றரை மணி நேரம், சிலரைக் கடற்கரைக் குடைக்குக் கீழேயும், சிலரை எஸ்பிஎஃப் 100 பூசிக்கொண்டு வெயிலிலும் உட்கார வைத்தார்கள். குடைக்குக் கீழே இருந்தவர்களில் 78 சதவீதம் பேருக்குத் தோல் வெந்தது, பூசியவர்களில் 25 சதவீதம் பேருக்கு. புற ஊதாக் கதிர் நேராக மட்டும் வருவதில்லை. வானத்தில் சிதறியும் மணலில் பட்டும் பக்கவாட்டில் வருகிறது. நூறு என்று எழுதியதைப் பூசியும் நால்வரில் ஒருவர் தப்பவில்லை என்பதையும் பாருங்கள். ஒன்றை மட்டும் நம்பக் கூடாது.

எஸ்பிஎஃப் 30-ஆ, 50-ஆ என்ற சண்டையில் இரு பக்கமும் சரியாகத்தான் பேசுகிறார்கள். முந்தையது 97 சதவீதம் தடுக்கும், பிந்தையது 98. ஒன்றுதானே வித்தியாசம் என்பார் ஒருவர். உள்ளே போவது மூன்றா, இரண்டா என்று கேட்பார் மற்றவர். என் கணக்கு வேறு: இந்த எண்கள் எல்லாம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தவை. நாம் பூசுவது பெரும்பாலும் அதில் பாதிகூட இல்லை. அந்தச் சிக்கனத்தை ஈடுகட்டவே நான் 50 வாங்குகிறேன். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கினால் அளவு ஓரளவு சரியாக வரும். இன்னொன்று, எஸ்பிஎஃப் முக்கியமாகத் தோலைச் சிவக்க வைக்கும் யூவி-பி என்ற புற ஊதாக் கதிர்களின் கணக்கு. ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வந்து சுருக்கம் கொடுக்கும் யூவி-ஏ-க்கு, ‘பிஏ’ பக்கத்தில் உள்ள கூட்டல் குறிகளையோ, வட்டத்துக்குள் எழுதிய ‘யூவிஏ’-வையோ பார்க்க வேண்டும்.

அடுத்தது மினரலா, கெமிக்கலா. மினரல் கண்ணாடிபோலக் கதிரைத் திருப்பி அனுப்பும், கெமிக்கல் உறிஞ்சும் என்று பலர் எழுதுகிறார்கள். உண்மையில் துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும்கூடப் பெரும்பாலும் உறிஞ்சவே செய்கின்றன. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. சில கெமிக்கல் வடிப்பான்கள் ரத்தத்தில் சேர்வது 2019-இல் அளந்து காட்டப்பட்டது. மேலும் சோதிக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம், கெடுதல் நிரூபணமாகிவிட்டது என்று அல்ல. மினரல், எரிச்சல் வரும் தோலுக்கும் குழந்தைகளுக்கும் தோது. ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு எதுவும் பூசாமல் வெயிலிலிருந்து தள்ளி வைப்பதுதான் முறை.

மாநிறத்துக்கும் கறுப்புக்கும் மினரல் சாம்பல் பூசிய மாதிரி நிற்கும். நமக்குத் தோல் புற்றுநோய் அபாயம் குறைவு என்பது உண்மை. தோலின் நிறமியே ஓரளவு காக்கிறது. ஆனால் மங்கு, பரு போன பின் நிற்கும் கருந்தழும்பு இரண்டும் நமக்குத்தான் அதிகம். அவற்றைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கறுக்க வைக்கும், அதைச் சாதாரண சன்ஸ்கிரீன் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் தடுக்கும். மங்கு உள்ளவர்களுக்கு என் தேர்வு இதுதான். சாம்பல் பூச்சும் தெரியாது.

இவ்வளவு மூடினால் வைட்டமின் டி? முழுக்க மூடி உடுத்துபவர்களும் பகலெல்லாம் உள்ளேயே வேலை செய்பவர்களும், முக்கியமாக அடர் நிறத் தோல் உள்ளவர்கள், ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது. குறைந்திருந்தால் கொழுப்புள்ள மீனும் வைட்டமின் டி சேர்த்த பாலும் கொஞ்சம் உதவும், மீதிக்கு மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை. நாம்போரில் தோற்றது ஒரு மாத்திரை. இங்கே வெயிலில் வாடி நிற்பதைவிட இன்னொரு மாத்திரைதான் மேல்.