பாலியில் எரிமலை ஏறச் சென்னையில் பணம் கட்டுகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையில் வார இறுதி ட்ரெக்கிங் நடத்தும் ஒருவர் இப்போது வெளிநாட்டு மலைகளுக்கும் ஆள் சேர்க்கிறார். பாலித் தீவின் ஆகுங் எரிமலையை ஒரே நாளில் ஏறி இறங்குவதுதான் அவருடைய பெரிய விளம்பரம். ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டி நானும் என் தங்கையும் அவர் மூலமாகப் போனோம். தங்கை கணுக்காலில் எலும்பு விரிசலோடு திரும்பினாள். புகார் நடந்துகொண்டிருப்பதால் ஆளின் பெயரை எழுதவில்லை. அவர் செய்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஆகுங் 3,000 மீட்டருக்கு மேல் உயரம். பாலியிலேயே உயரமான மலை, இன்னும் உயிரோடு இருக்கிற எரிமலை. 1963-இல் வெடித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2017 நவம்பரில் மறுபடி சாம்பலைக் கக்கி, பாலி விமான நிலையத்தையே மூடவைத்தது. ஏறுவதற்கு முக்கியமாக இரண்டு பாதைகள் உண்டு. பெசாகி கோயில் பக்கத்திலிருந்து போவது நீளமானது, கிட்டத்தட்ட 2,000 மீட்டர் ஏற்றம். முந்தின இரவு பத்து, பதினொரு மணிக்குக் கிளம்பினால்தான் விடியும்போது உச்சியில் நிற்க முடியும். தெற்கே பசார் ஆகுங் கோயிலிலிருந்து போவது குறுகியது. அது வழக்கமாகக் கொண்டுபோய் விடுவது எரிமலை வாயின் தென்விளிம்பில். உண்மையான உச்சி அதைவிட உயரத்தில், வேறு பக்கம் இருக்கிறது. இரண்டிலும் வழியில் குடிக்கத் தண்ணீர் கிடையாது.

எங்களிடம் விற்றது பெசாகி பாதை. விமான டிக்கெட் நீங்கலாக ஆளுக்கு 42,000 ரூபாய். மூன்று பேருக்கு ஒரு வழிகாட்டி, தலையில் மாட்டும் டார்ச், குளிர் ஜாக்கெட், காலை உணவு, இன்சூரன்ஸ் எல்லாம் அதற்குள் அடக்கம் என்று வாட்ஸ்அப்பில் எழுதியே கொடுத்தார். "எல்லாம் செட் பண்ணியாச்சு சிஸ்டர், நீங்க ஷூ மட்டும் எடுத்துட்டு வாங்க" என்றார். வழிகாட்டி யார், அங்கே யாரோடு ஏற்பாடு என்று பணம் கட்டும் முன்பே கேட்டேன். "நம்ம டீம்தான் அங்க இருக்கு" என்று பதில் வந்தது. உடல் தகுதி பார்ப்பதாகச் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரையும் பரங்கிமலைப் படிகளில் ஒரு தடவை ஏறி இறங்கச் சொன்னார். 100 மீட்டர்கூட இல்லாத குன்று அது. ஏறி முடித்த எல்லோருக்கும் "ஃபிட்" என்று முத்திரை குத்தி, மீதிப் பணத்தை அன்றைக்கே வாங்கிக்கொண்டார்.

அங்கே போனால் டீம் என்று ஒன்று இல்லவே இல்லை. இரவு ஒரு டிரைவர் வேனில் வந்து எங்கள் ஒன்பது பேரையும் ஏற்றிக்கொண்டார். வண்டி போய் நின்ற இடம் பசார் ஆகுங். பெசாகி இல்லையே என்று கேட்டதற்கு, தனக்குச் சொன்ன இடம் இதுதான் என்றார். சென்னைக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. கோயிலுக்குக் காணிக்கை என்று ஆளுக்கு ஒரு தொகை வேறு அங்கேயே வாங்கினார்கள். காணிக்கை கொடுப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அது அவர்களுடைய புனித மலை. ஆனால் அந்தப் பணத்தை ஏற்கெனவே சென்னையில் வாங்கியாகிவிட்டது.

ஒன்பது பேருக்கும் ஒரே வழிகாட்டி, இருபது வயதுகூட இருக்காத பையன். டார்ச் ஐந்துதான் இருந்தது. எனக்குக் கொடுத்ததில் பேட்டரி மூடி உடைந்து செலோ டேப் ஒட்டியிருந்தது. தலையை ஆட்டினால் அணையும், தட்டினால் எரியும். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் மஞ்சளாகி, என் ஷூ முனைக்கு மேல் எதுவும் தெரியவில்லை. ஜாக்கெட் என்று தந்தது மெல்லிய பிளாஸ்டிக் மழைக்கோட்டு. மேலே காற்று அடிக்கும்போது அது படபடவென்று அடித்துக்கொண்டதே தவிர, குளிரை நிறுத்தவில்லை. ஆளுக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர். காட்டைத் தாண்டியதும் எரிமலைக் கல்லும் சாம்பலும்தான். வீடு கட்டக் கொட்டிய சல்லிக் குவியல்மேல் ஏறுவது போல, ஒரு அடி வைத்தால் அரை அடி கீழே வழுக்கும். மேலே போகிறவர் காலிலிருந்து உருளும் கல் பின்னால் வருகிறவர்மேல் விழும். அதனால்தான் சின்னக் குழுவுக்கு ஒரு வழிகாட்டி வேண்டும், இடைவெளி விட்டு நடத்த வேண்டும். ஒன்பது பேரை ஒரே ஆள் எப்படிப் பார்ப்பார்?

விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தோம். வந்ததே போதும் என்று பலர் சந்தோஷப்பட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இறங்கும்போதுதான் தங்கையின் கால் இரண்டு கற்களுக்கு இடையில் மாட்டித் திரும்பியது. சத்தம் எனக்கே கேட்டது. வேகமாக நடந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். வழிகாட்டிப் பையன் அவர்களை நிறுத்த ஓடுவதா, இவளைத் தூக்குவதா என்று தவித்து நின்றான். கடைசியில் அவனும் நானும் ஆளுக்கு ஒரு தோள் கொடுத்து, சில இடங்களில் அவளை உட்காரவைத்தே நகர்த்திக் கொண்டுவந்தோம். முதலுதவிப் பெட்டி இல்லை. என் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டுப் போட்டோம்.

வழியில் அந்தப் பையனிடம் பேசினேன். அன்றைய வேலைக்கு அவனுக்கு வரப்போவது 3 லட்சம் ரூபியா. நம் கணக்கில் ஏறக்குறைய 1,600 ரூபாய், அதுவும் ஒன்பது பேருக்கும் சேர்த்து. சென்னைக்காரர் பாலியின் கூட்டா ஊரில் ஒரு ஏஜென்டிடம் கொடுத்திருக்கிறார், ஏஜென்ட் டிரைவரிடம், டிரைவர் இவனிடம். சென்னையில் இருப்பவர் பெயரைக்கூட அவன் கேள்விப்பட்டதில்லை. இந்தப் பையன்மேல் யாரும் கோபப்பட வேண்டாம். அன்றைக்கு அந்த மலையில் எங்களுக்காக இருந்த ஒரே ஆள் அவன்தான்.

கீழே கிளினிக்கில் பணம் கட்டிய பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தார்கள். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று போனில் அந்த பிடிஎஃப்-ஐத் திறந்தேன். பயணத்துக்கு முந்தின இரவு விமான நிலையத்துக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் அனுப்பியது அது. மேலே நிறுவனத்தின் பெயர், நடுவே எங்கள் பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் இருந்தது. பாலிசி எண் என்ற கட்டம் காலியாக இருந்தது. அது விண்ணப்பப் படிவம். பிரீமியம் கட்டவே இல்லை. இந்தியா திரும்பி அந்த நிறுவனத்திடம் கேட்டபோது, எங்கள் பெயரில் பாலிசியே இல்லை என்று மின்னஞ்சலில் உறுதி செய்தார்கள். இன்னொன்றும் சொல்கிறேன். பாலிசி உண்மையானதாக இருந்தாலும், சாதாரணப் பயண இன்சூரன்ஸ் பலவற்றில் மலையேற்றமும் சாகச விளையாட்டும் விலக்கு. பாலிசி எண்ணோடு, ட்ரெக்கிங் சேர்ந்திருக்கிறதா, எத்தனை மீட்டர் வரை என்ற வரியையும் தேடிப் பாருங்கள்.

நான் இவ்வளவு விடாமல் எழுதுவதற்குக் காரணம் குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தில் அந்தக் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போன இளைஞர்களும் பெண்களும் அதில் நிறைய. அதற்குப் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024-இல் வனத்துறை ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தைத் தொடங்கி, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு ஆன்லைனில் முன்பதிவு செய்ய வழி செய்தது. நம் காடுகளில் அந்த அளவுக்காவது ஒரு கட்டுப்பாடு வந்திருக்கிறது. இங்கே வேளச்சேரியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து இந்தோனேசிய எரிமலையை விற்பவருக்கு அந்த விதிகள் எதுவும் பொருந்தாது.

எரிமலை விஷயத்தில் ஒரு சோதனையை நீங்களே செய்யலாம். இந்தோனேசிய அரசின் மாக்மா இந்தோனேசியா தளத்தில் ஒவ்வொரு எரிமலைக்கும் அன்றைய எச்சரிக்கை நிலை இருக்கும். நார்மல், வஸ்பாடா, சியாகா, அவாஸ் என்று நான்கு படிகள். எத்தனை கிலோமீட்டருக்குள் போகக்கூடாது என்பதும் அதில் இருக்கும். இரண்டாவது படிதானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். சுமத்ராத் தீவின் மராபி எரிமலை 2023 டிசம்பர் 3 அன்று வெடித்தபோது இரண்டாவது படியில்தான் இருந்தது. எரிமலை வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் போக வேண்டாம் என்ற அறிவுரையும் இருந்தது. இருந்தும் மலையேறப் போனவர்களில் 24 பேர் இறந்தார்கள். எங்கள் ஆளிடம் ஆகுங்கின் நிலை என்ன என்று கேட்டபோது, "அதெல்லாம் சும்மா சிஸ்டர்" என்று சொன்னார். இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லாதவரிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். பெசாகியில் பெரிய திருவிழா நடக்கும் நாட்களில் மலை ஏறவே விடமாட்டார்கள். உங்கள் தேதியில் அது வருகிறதா என்பதையும் கேளுங்கள்.

அப்புறம் பணம். வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ் விற்பவர் உங்கள் பான் எண்ணை வாங்கி, டிசிஎஸ் (விற்பவரே உங்களிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடித்து, உங்கள் கணக்கில் காட்டியாக வேண்டும். அது வருமான வரித் துறையின் தளத்தில் உங்கள் கணக்கில் தெரியும். எங்களிடம் பான் கேட்கவில்லை, ஜிஎஸ்டி பில் தரவில்லை, பணம் போனது அவருடைய மனைவி பெயரில் இருந்த யுபிஐ கணக்குக்கு.

திரும்பி வந்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அதன் பிறகுதான் அவர் போன் எடுத்தார். அங்கே இருந்த ஏஜென்டின் தவறு, வேண்டுமானால் அடுத்த பயணத்தில் 5,000 ரூபாய் தள்ளுபடி தருகிறேன் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும்.

அந்த வேனில் எங்களோடு வந்தவர்கள் இதைப் படித்தால், யுபிஐ ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள். முக்கியமாக அந்த பிடிஎஃப். ஒரே குறை உள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே புகாராகச் சேர்ந்தும் கொடுக்கலாம். கையெழுத்துப் போட வருகிறவர்கள் எனக்கு எழுதுங்கள்.