கான்வாயா, தனிப்பயணமா, தேடி வேட்டையா? நீர்மூழ்கிகளிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காத்த வழி எது?

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் கப்பல் வேலைக்குப் போன குடும்பங்கள் ஏராளம். அவர்களிடையே போர்க்காலக் கடற்பயணம் பற்றிப் பேச்சு வந்தால், நாற்பது கப்பல்களைக் கான்வாயாக, அதாவது போர்க்கப்பல் காவலோடு செல்லும் கூட்டமாக, ஒரே இடத்தில் திரட்டுவது எதிரிக்கு நாமே இரையைக் குவித்துக் கொடுப்பதாகாதா என்ற கேள்வி தவறாமல் எழும். அது நியாயமான கேள்விதான். 1917 வரை பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகமும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தது. ஆனால் இரண்டு உலகப் போர்களின் பதிவுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் விடை வேறாக இருக்கிறது.

கப்பல்களைத் தனித்தனியே, பல பாதைகளில் அனுப்புவது முதல் வழி. கூட்டம் சேரும்வரை துறைமுகத்தில் காத்திருக்க வேண்டாம், மிக மெதுவான கப்பலின் வேகத்துக்கு மற்றவை இறங்க வேண்டாம், ஒரே நாளில் நாற்பது கப்பல் வந்து சரக்கு இறக்கும் மேடைகளை அடைக்கவும் செய்யாது. சென்னைத் துறைமுகத்தில் மேடை கிடைக்காமல் வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கின் எடை புரியும். ஆயினும் 1917 பிப்ரவரியில் ஜெர்மனி வரம்பற்ற நீர்மூழ்கிப் போரைத் தொடங்கியதும் இந்த வழி குலைந்தது. ஏப்ரல் மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 8,60,000 டன் கப்பல்கள் மூழ்கின. பிரிட்டனிலிருந்து நெடுங்கடலுக்குப் புறப்பட்ட நான்கு கப்பல்களில் ஒன்று திரும்பவில்லை.

அப்போதும் தலைமையகம் தயங்கியதற்கு ஒரு தவறான எண்ணிக்கை காரணமாயிற்று. வாரத்துக்கு 2,500 வருகைகள், 2,500 புறப்பாடுகள் என்ற பட்டியலை வைத்துக்கொண்டு, இத்தனைக்கும் காவல் கொடுக்க முடியாது என்று வாதிட்டார்கள். அந்தப் பட்டியலில் கரையோரச் சிறு கப்பல்களும் படகுப் போக்குவரத்தும் கலந்திருந்தன; காவல் தேவைப்பட்ட நெடுங்கடல் கப்பல்கள் வாரத்துக்கு 120 முதல் 140 வரைதான். 1917 மே மாதம் ஜிப்ரால்டரிலிருந்து கிளம்பிய சோதனைக் கான்வாய் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு காவலோடு சென்ற நெடுங்கடல் கான்வாய்களில் இழப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே நின்றது. ஒரு கணக்கை யாரும் பிரித்துப் பார்க்காததால் எத்தனை மாலுமிகளின் உயிர் போயிற்று என்பதை எண்ணும்போது மனம் கொதிக்கிறது.

கூட்டமாகப் போவது ஏன் பாதுகாப்பானது? நீர்மூழ்கியின் முதல் சிக்கல் இரையைக் கண்டுபிடிப்பது. ஒவ்வொரு கப்பலையும் சுற்றி, நீர்மூழ்கியின் பெரிஸ்கோப்பில் அது தென்படக்கூடிய ஒரு வட்டம் உண்டு. தனிக் கப்பல்கள் நாற்பது என்றால், அந்த வட்டங்களும் நாற்பது. அவை கடலெங்கும் பரவியிருக்கும். அந்த நாற்பதையும் ஒன்றாகச் சேர்த்தால், தனிக் கப்பலின் வட்டத்தைவிடச் சற்றே பெரிய ஒரு வட்டம்தான் மிஞ்சும். மற்றக் கடல் காலியாகிவிடும். கண்டுபிடித்த பிறகும், இரண்டாம் உலகப் போரின் ஏழாம் வகை யூ-போட் (ஜெர்மன் நீர்மூழ்கி) ஏற்றிச் சென்றது 14 டார்பிடோக்களே. முன்புறக் குழாய்கள் நான்கு. சுட்ட உடனே காவல் கப்பல் மேலே வந்து ஆழ்வெடிகளைப் போடத் தொடங்கினால், மறுபடி குறிபார்க்க நேரம் கிடைக்காது. ஆகவே கூட்டம் பெரிதானதால் இழப்பும் அதே விகிதத்தில் பெருகவில்லை. இயற்பியலாளர் பிளாக்கெட் தலைமையிலான பிரிட்டிஷ் ஆய்வுக்குழு இதை எண்களில் காட்டியது: சராசரி 32 கப்பல் கொண்ட கான்வாய்களில் 2.5 விழுக்காடு இழப்பு; சராசரி 54 கப்பல் கொண்டவற்றில் 1.1 விழுக்காடு. கூட்டம் பெரிதாகும் அளவுக்கு அதன் சுற்றளவு பெரிதாவதில்லை என்பதால், அதே காவல் கப்பல்கள் கூடுதல் சரக்கைக் காத்தன.

காவலோடு ஒட்டி நிற்காமல் எதிரியைத் தேடிப் போய் அழிப்பது இன்னொரு வழி. கடற்படை அதிகாரிகளுக்கு இது வீரம் மிக்கதாகத் தோன்றியது. பலன் மட்டும் குறைவு. 1939 செப்டம்பர் 17 அன்று, நீர்மூழ்கி வேட்டைக்குப் போன விமானந்தாங்கிக் கப்பலான கரேஜியஸையே யூ-29 மூழ்கடித்தது. நம் கரைக்குத் தெரிந்த சான்று இதைவிடப் பழையது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் கப்பல் எம்டன் நீர்மூழ்கி அல்ல, குரூசர் என்ற வேகமான போர்க்கப்பல். எனினும் வங்காள விரிகுடாவில் அதற்கு இரையானவை தனியாகச் சென்ற வணிகக் கப்பல்கள். பிரிட்டிஷ், ஜப்பானியக் குரூசர்கள் வாரக்கணக்கில் தேடியும் அது அகப்படவில்லை. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே அதை முடித்தது, ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை ஏற்றிச் சென்ற கான்வாயின் காவலில் இருந்து பிரிந்து வந்த சிட்னி என்ற ஆஸ்திரேலியக் குரூசர். அந்தச் சந்திப்பில் தற்செயலுக்கும் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. நீர்மூழ்கி விஷயத்தில் தற்செயல் தேவையே இல்லை: கான்வாயைத் தாக்க அதுவே காவல் கப்பலின் அருகே வந்தாக வேண்டும்.

காவல் போதாவிட்டால் கான்வாயும் தோற்கும். 1940 அக்டோபரில் எஸ்சி-7 என்ற 35 கப்பல் கான்வாயில் 20 கப்பல்கள் போயின. யூ-போட்டுகள் இரவில் நீர்மட்டத்திலேயே கூட்டமாக வந்து தாக்க, நீருக்கடியில் ஒலியால் தேடும் கருவி அவற்றைக் காணவில்லை. ரேடாரும், நடு அட்லாண்டிக் வரை பறக்கும் லிபரேட்டர் விமானங்களும், கான்வாயோடு வந்த சிறு விமானந்தாங்கிகளும் சேர்ந்த பிறகு, 1943 மே மாதத்தில் 41 யூ-போட்டுகள் அழிந்தன. ஜெர்மன் கடற்படைத் தளபதி டோனிட்ஸ் எஞ்சியவற்றை வட அட்லாண்டிக்கிலிருந்து விலக்கிக்கொண்டார். காவல் போதாத கான்வாய் தோற்கும் என்பதை வைத்து, காவல் குறைவான கான்வாயைவிடக் கான்வாயே இல்லாதது மேல் என்று அமெரிக்கக் கடற்படைத் தலைமை 1942 தொடக்கத்தில் எடுத்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் தனியாகச் சென்ற எண்ணெய்க் கப்பல்கள் மாதக்கணக்கில் எரிந்தன. மே மாதம் கரையோரக் கான்வாய்கள் தொடங்கியதும் யூ-போட்டுகள் கரீபியன் பக்கம் நகர்ந்தன. ஜப்பான் 1943 நவம்பர் வரை காவலுக்கெனத் தனித் தலைமையே அமைக்கவில்லை. அதன் வணிகக் கப்பல்களில் பாதிக்கு மேல் அமெரிக்க நீர்மூழ்கிகள் கொண்டுபோயின.

தனிப்பயணத்துக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. படைவீரர்களை ஏற்றிச் சென்ற பெரும் பயணிகள் கப்பல் குயீன் மேரி 28 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்துக்கு மேல் ஓடியது; யூ-போட் நீர்மட்டத்தில் 17 நாட், அடியில் ஏழு எட்டு நாட்தான். அத்தகைய கப்பலைக் கான்வாய்க்குள் அடைத்தால் அதன் ஒரே கவசமான வேகத்தைப் பறிப்பதாகும்.

கூட்டத்தைக் கலைப்பது எப்போது சரி என்பது எதிரி யார் என்பதைப் பொறுத்தது. 1940 நவம்பரில் அட்மிரல் ஷேர் என்ற ஒற்றை ஜெர்மன் போர்க்கப்பல் எச்எக்ஸ்-84ஐத் தாக்கியபோது, காவலுக்கு இருந்த ஜெர்விஸ் பே தானே எதிர்த்து நின்று மூழ்கியது. அந்த அவகாசத்தில் கலைந்து ஓடிய வணிகக் கப்பல்களில் ஐந்து மட்டுமே மூழ்கின. 1942 ஜூலையில் டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் பெரும் போர்க்கப்பல் வருகிறது என்ற அச்சத்தில் பிக்யூ-17 கான்வாய் கலைக்கப்பட்டது. டிர்பிட்ஸ் தாக்க வரவில்லை; கான்வாயின் வணிகக் கப்பல்களில் மொத்தம் 24ஐ, பெரும்பாலும் அவை தனித்துப்போன பிறகு, நீர்மூழ்கிகளும் விமானங்களும் மூழ்கடித்தன. அதே ஆண்டு ஏப்ரலில் ஜப்பானிய அட்மிரல் ஓசாவாவின் குரூசர்களும் ஒரு சிறு விமானந்தாங்கியும் நம் வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்து இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைச் சில நாட்களில் அழித்தன. சென்னையை விட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறியதும் அப்போதுதான். அந்த வாரத்தில் கான்வாய் அமைத்திருந்தாலும் கனரகக் குரூசர்களுக்கு முன் சிறு காவல் கப்பல்கள் நின்றிருக்க முடியாது. நீர்மூழ்கியை எதிர்கொள்ளக் கான்வாயைத் தயங்காமல் பரிந்துரைக்கும் நான், அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.